இ.சி.ஜி. நார்மல், பயம் மட்டும் போகவில்லை: பட்டர்வொர்த் வாசகருக்கு மனநல மருத்துவரின் பதில்

கடிதம்

வாசகருக்கு வயது 34. வீடு மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில். தினமும் பாலம் கடந்து பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார். மனைவி, நான்கு வயது மகள், அம்மா என்று குடும்பம். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இரவில் இவருடைய அப்பா நெஞ்சு அடைக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று தைலம் தேய்த்து, ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தவர் இந்த மகன்தான். விடிவதற்குள் அப்பா போய்விட்டார். அவருக்கு 54 வயது. சிகரெட் பழக்கம் உண்டு, நீரிழிவு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை.

மூன்று மாதம் கழித்து நைட் ஷிஃப்டில் இவருக்கு நெஞ்சு படபடத்து, கை மரத்து, வேர்த்துக் கொட்டியது. அவசரப் பிரிவில் இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை இரண்டும் நார்மல். அதன் பிறகு மேலும் நான்கு முறை அவசரப் பிரிவு, இரண்டு இதய நிபுணர்கள், எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் சோதனை. எதிலும் குறையில்லை. "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று ஒரு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனுப்பியது இவருக்கு இன்னும் ஆறவில்லை. கையில் ஸ்மார்ட் வாட்ச். அதுவும் போதாமல் கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்துக்கொண்டே இருக்கிறார். பேட்மிண்டனை விட்டுவிட்டார். நடுராத்திரியில் கைப்பேசியில் அறிகுறிகளைத் தேடிவிட்டு, மனைவியை எழுப்பி "எனக்கு ஒன்றும் ஆகாதுதானே?" என்று கேட்கிறார். இவருக்காக அம்மா தைப்பூசப் பால்குடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் பாதி வழியில் இதயம் நின்றுவிடுமோ என்று இவருக்குப் பயம். சேமிப்பும் கரைந்துவிட்டது.

சி.டி. ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஸ்கேன்) எடுத்தால் சந்தேகம் தீருமா, இது மனநோயா, மனநல மருத்துவரிடம் போனால் வேலைக்கும் மெடிக்கல் கார்டுக்கும் (மருத்துவக் காப்புறுதிக்கும்) ஆபத்தா, நிஜ மாரடைப்பைப் பயத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று கேட்கிறார். கடைசியில், "தினம் தினம் செத்துப் பிழைப்பதற்கு ஒரேயடியாகப் போய்விடலாம் போலிருக்கிறது" என்றும் ஒரு வரி.

பதில்

தம்பி, "வாயுதான், ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் சொன்னது நான்தான் டாக்டர்" என்று கடிதத்தின் நடுவில் எழுதிவிட்டு, உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. "ஒன்றுமில்லை" என்ற பேச்சு உங்கள் வீட்டில் ஒரு முறை பொய்த்துவிட்டது. அதையே இப்போது டாக்டர்கள் சொல்லும்போது உங்களுக்கு நம்பிக்கை வராததில் என்ன ஆச்சரியம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நண்பர்கள் சிரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிரிக்கட்டும். உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த இரவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். மாரடைப்பை வாயு என்று நினைப்பது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி மந்தமாகவும் வரும், நெஞ்சு எரிச்சல்போலவும் வரும். உங்கள் அப்பாவும் அதை வாயு என்றுதான் நினைத்திருப்பார். நீங்கள் மருத்துவர் இல்லை, மகன். தெரிந்ததைச் செய்தீர்கள். இதைப் படித்ததும் குற்ற உணர்வு போய்விடாது என்று எனக்குத் தெரியும். சிகிச்சையில் பேச வேண்டிய முதல் விஷயமே இதுதான்.

ஏனென்றால், இனி ஒருபோதும் ஏமாறக் கூடாது, நூற்றுக்கு நூறு தெரிந்தால்தான் ஓய்வு என்று உங்கள் மனம் அன்றைக்கே ஒரு முடிவெடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். எந்தப் பரிசோதனையாலும் அந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாது. இன்றைய இ.சி.ஜி. இன்றைக்குத்தான் பதில் சொல்லும். "நாளைக்கு?" என்று உங்கள் மனம் கேட்கும். அவசரப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் வழியிலேயே "வேறு ஏதாவது விட்டுப்போயிருக்குமோ" என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான்.

வலி நிஜம், காரணம் வேறு

"டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்புவது பாதி வைத்தியம் என்பது என் உறுதியான கருத்து. வலிக்கிற மனிதருக்கு ஏன் வலிக்கிறது என்று சொல்ல வேண்டாமா?

பயம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, நெஞ்சுத் தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் போகிறது. அப்படி மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது, தலை லேசாவது எல்லாம் அதனால்தான். இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்ததை ஓங்கி அடிப்பதுபோல் இருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆரோக்கியமானவர்களுக்கே துடிப்பை 24 மணி நேரமும் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியைப் பொருத்திப் பார்த்தால், பெரும்பாலோரிடம் இப்படிக் கூடுதல் துடிப்புகள் சில தெரியும். தூக்கக் குறைவும் காபீனும் சேர்ந்தால் இன்னும் கூடும். நைட் ஷிஃப்டில் இரண்டு எனர்ஜி டிரிங்க், விடிகாலையில் மாமாக் கடையில் தே தாரிக் என்று நீங்களே பட்டியல் போட்டிருக்கிறீர்கள்.

நாடி பார்க்கும் விதத்தையும் கவனியுங்கள். தாடைக்குக் கீழே இரண்டு விரலை அழுத்தி, எண்ணி முடிக்கும்வரை எடுப்பதில்லை என்கிறீர்கள். கழுத்தின் அந்த இடத்தில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது, ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் நரம்பு முனைகளும் அங்கேதான் இருக்கின்றன. அழுத்திப் பிடித்தால் நாடி குறைந்து தலை சுற்றலாம். அந்தத் தலைசுற்றலைக் கண்டு பயந்து நீங்கள் மறுபடியும் கழுத்தில் கை வைக்கிறீர்கள். இடது மார்பை அடிக்கடி அமுக்கிப் பார்ப்பதும் அப்படித்தான், அமுக்கிய இடமே வலிக்க ஆரம்பிக்கும்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். ஒரு நிமிடம் உங்கள் முழுக் கவனத்தையும் இடது உள்ளங்காலில் வையுங்கள். குறுகுறுப்பு, சூடு, துடிப்பு என்று ஏதாவது ஒன்று தெரியும். அது ஏற்கெனவே இருந்ததுதான், நீங்கள் கவனிக்கவில்லை. இரண்டு வருடமாக அந்தக் கவனம் முழுவதையும் நெஞ்சில் வைத்திருக்கிறீர்கள்.

இதற்கு மருத்துவத்தில் உடல்நலப் பதற்றம் என்று பெயர். மனநல மருத்துவம் அங்கீகரித்த, சிகிச்சை உள்ள ஒரு நிலை. நீங்கள் நடிக்கவும் இல்லை, உங்களுக்குப் பைத்தியமும் இல்லை. சொறியச் சொறிய அரிப்பு கூடுவதுபோல, நாடி பார்ப்பதும் கூகுளில் தேடுவதும் மனைவியைக் கேட்பதும் அந்த நேரத்துக்குச் சுகமாக இருந்துவிட்டு பயத்தை வளர்க்கின்றன.

சி.டி. ஆஞ்சியோகிராம் வேண்டுமா?

முடிவு உங்கள் இதய நிபுணருடையது. ஆனால் அவரிடம் "மனசு நிம்மதிக்காக" என்று கேட்காதீர்கள், "என் நிலைமைக்கு இதனால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா?" என்று கேளுங்கள். அந்தப் பரிசோதனைக்குக் கதிர்வீச்சு உண்டு, நரம்பில் சாய மருந்து செலுத்துவார்கள், செலவும் கணிசம். படத்தில் சம்பந்தமே இல்லாத ஏதாவது சின்னப் புள்ளி தெரிந்தால் அதைத் துரத்திக்கொண்டு இன்னும் ஆறு மாதம் போகும். உங்களைப் போன்றவருக்கு அது பெரிய ஆபத்து.

அதே சமயம், உங்களுக்கு இதயநோய் வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்கு முன் இதயநோய் வந்திருந்தால் மருத்துவர்கள் அதைக் குடும்ப ஆபத்தாகக் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு 54. மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மவர்களிடம்தான் அதிகம். ஆகவே கவனம் தேவை, ஆனால் சரியான இடத்தில். உங்கள் கடிதம் முழுக்க நாடித் துடிப்பு எண்கள் இருக்கின்றன. கொலஸ்ட்ரால் எண், சர்க்கரை எண் ஒன்றுகூட இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் இவற்றைப் பாருங்கள். படபடப்பு இருப்பதால் தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒரு முறை பார்த்துவிடலாம். பிறகு, அடுத்த பரிசோதனை எப்போது என்று டாக்டர் சொல்லும் தேதிவரை காத்திருங்கள். பயத்தால் விளையாட்டை விட்டு எடை ஏறியிருக்கிறதே, அப்பாவுடைய நோய்க்கு உண்மையிலேயே வழிவிடும் விஷயம் அது.

வாட்ச் விஷயம்: அதில் இருக்கும் இ.சி.ஜி. சில வகைத் துடிப்புக் கோளாறுகளைத்தான் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க அதனால் முடியாது. ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை நார்மல். 88 என்று காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

பயமா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்தபடி முழு நிச்சயமாக யாராலும் சொல்ல முடியாது. அதனால் அந்தந்த நேரத்தில் முடிவெடுக்காமல், முன்கூட்டியே எழுதி வைத்த விதியைப் பின்பற்றுவதுதான் உங்களுக்குச் சரி. உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக, நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றியதுபோன்ற அழுத்தம் சில நிமிடங்களுக்கு மேல் விடாமல் இருந்தால், அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி உணர்வு, மயக்கம் சேர்ந்து வந்தால், அல்லது நடக்கும்போது வந்து, நடப்பதை நிறுத்தினால் குறைகிற வலி புதிதாக ஆரம்பித்தால், 999-ஐ அழையுங்கள். நீங்களே கார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பயத்தின் அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். ஊசி குத்துவதுபோல் சில நொடி வந்து போகும் வலி, விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, அமுக்கினால் கூடும் வலி ஆகியவை பெரும்பாலும் தசை சம்பந்தப்பட்டவை. விதியில் இருக்கும் அறிகுறி வந்தால் வெட்கப்படாமல் போங்கள். இல்லையென்றால் கையில் இருக்கும் வேலையைத் தொடருங்கள்.

இனிமேல் செய்ய வேண்டியவை

முதலில் மனைவி. பாவம், இரண்டு வருடமாக அவரும் தூங்கவில்லை. நடுராத்திரியில் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வது அன்பினால்தான், ஆனால் பத்து நிமிடம் கழித்து நீங்கள் மறுபடி கேட்கிறீர்கள். பகலில், பயமில்லாத நேரத்தில், இருவரும் பேசி ஒரு பதிலை முடிவு செய்யுங்கள். "பயமாக இருக்கிறது என்று தெரிகிறது, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், ஆனால் இதற்கு பதில் சொல்ல மாட்டேன் என்று பேசிவைத்திருக்கிறோம்" என்பதுபோல. முதல் சில நாள் உங்களுக்குக் கோபம் வரும். அவர் கல்நெஞ்சுக்காரி ஆகிவிடவில்லை என்று அந்த நேரத்தில் நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

நாடி பார்ப்பதை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் நடக்காது. கை கழுத்துக்குப் போகும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். அடுத்த வாரம் அரை மணி. வாட்சை வேலைக்குப் போகும்போது மட்டும் கழற்றி வையுங்கள், பிறகு இரவிலும். தேடலுக்கு ஒரே விதி: படுக்கையறைக்குள் கைப்பேசி வரக் கூடாது.

அப்புறம் உடம்பைப் பழக்க வேண்டும். டிரெட்மில்லில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தையும் சாய்வையும் கூட்டிக்கொண்டே போயிருப்பார்கள். நீங்கள் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடியிருக்கிறீர்கள், இ.சி.ஜி. மாறவில்லை. உடற்பயிற்சிக்குத் தடையில்லை என்று இதய நிபுணரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் ஆரம்பிக்கலாம். வீட்டு மாடிப்படியில் இரண்டு மாடி ஏறி, இதயம் வேகமாக அடிப்பதை நாடி பார்க்காமல் அப்படியே விட்டு, அது தானாகக் குறைவதைக் கவனியுங்கள். பிறகு பேட்மிண்டனில் ஒரு செட். தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். தைப்பூசக் கூட்டத்தில் முதன்முதலாக ஏறுவதைவிட, அதற்கு முன் ஒரு சாதாரணக் காலையில் நிதானமாக ஏறிப் பாருங்கள். அம்மாவின் வேண்டுதலுக்கும் என் வைத்தியத்துக்கும் ஒரு சண்டையும் இல்லை.

இதையெல்லாம் தனியாகச் செய்வது கடினம், துணைக்கு ஆள் தேவை. பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசியும் பயிற்சி செய்தும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் (சி.பி.டி.) இதற்கு முதல் தேர்வு. பிரிட்டனில் ஐந்து மருத்துவமனைகளில், உடல்நலப் பதற்றம் இருந்த 444 நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இதயப் பிரிவு, வயிற்றுப் பிரிவு போன்ற இடங்களுக்கு வந்தவர்கள்தான் அவர்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் பதற்றம் மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தது, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நீடித்தது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளும் உதவும். வேலை செய்யச் சில வாரம் ஆகும், ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்பதில்லை, ஆனால் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. உங்கள் நண்பர் கொடுத்த தூக்க மாத்திரை வேறு வகையாக இருக்கலாம். பழக்கமாகிவிடும் மாத்திரைகள் அதில் உண்டு. அதைத் தொடராதீர்கள், என்ன மாத்திரை என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

சேமிப்பு கரைந்துவிட்டது என்கிறீர்களே, தனியார் மருத்துவமனையிலேயே ஆரம்பிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதார கிளினிக்கில்) குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). மேலே சொன்ன ரத்தப் பரிசோதனையும் மனநலப் பரிசோதனையும் அங்கேயே செய்யலாம். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகலாம். காத்திருக்க வேண்டியிருக்கும். தனியாக ஆலோசகரைப் பார்ப்பதானால், 1998 ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வேலை, மெடிக்கல் கார்டு

நீங்கள் எந்த டாக்டரைப் பார்த்தீர்கள், என்ன நோய் என்பதை உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவர் முதலாளியிடம் சொல்லக் கூடாது. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மன, உடல் நல விவரங்களைத் தனிக் கவனம் தேவைப்படும் தகவலாகவே வைத்திருக்கிறது. மனநல மருத்துவர் தரும் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) மற்ற டாக்டர் தரும் எம்.சி.யும் ஒன்றுதான். உண்மையில் இன்று உங்கள் வேலைக்கு ஆபத்து, அவசரப் பிரிவுக்குப் போய் எடுக்கும் தொடர் எம்.சி.யால்தான்.

காப்புறுதியில் கொஞ்சம் கவனம் வேண்டும். இருக்கும் கார்டு மனநலச் சிகிச்சைக்குப் பணம் தருமா என்று பாலிசியைப் படியுங்கள், பல கார்டுகள் தருவதில்லை. புதிதாக ஒன்று எடுக்கும்போது கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். 2013 நிதிச் சேவைகள் சட்டத்தில் அது உங்கள் கடமை, மறைத்தால் பின்னால் இழப்பீடு நின்றுபோகலாம். பிரீமியம் கூடலாம், சில விலக்குகள் வரலாம். அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். சாவுக்குப் பயப்படுகிறவரே "போய்விடலாம்" என்று எழுதுவது எனக்குப் புதிதல்ல. களைத்துப்போன மனம் அப்படிப் பேசும். இருந்தாலும் அதை நான் சாதாரணமாக எடுக்கவில்லை. அந்த எண்ணம் எத்தனை முறை வருகிறது, எப்படி என்ற யோசனையும் சேர்ந்து வருகிறதா என்பதை முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, அது 24 மணி நேரமும் இயங்குகிறது, பினாங்கிலிருந்தும் அழைக்கலாம். யோசனை கூடிக்கொண்டே போகும் இரவாக இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மனைவியை எழுப்பி அவசரப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சைப் பற்றி அவரை எழுப்பக் கூடாது என்று பேசிவைத்திருந்தாலும், இதற்கு எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம் என்பதையும் அதே பேச்சில் முடிவு செய்துகொள்ளுங்கள்.